இரவில் டயபர் கசிகிறதா? ஈரம் நின்ற இடத்திலிருந்து தொடங்குங்கள்

காலையில் எழுந்ததும் பாயும் போர்வையும் நனைந்திருந்தால், அவற்றைச் சுருட்டி வாளியில் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, ஈரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். குழந்தையின் தொடைக்கு நேரே இருக்கிறதா, சட்டையின் முன்பக்கம் வயிற்றுக்கு நேரே இருக்கிறதா, முதுகுப் பக்கம் இடுப்புக்கு மேலே ஏறியிருக்கிறதா, ஒரு பக்க விலா ஓரம் மட்டும் நனைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கழற்றிய டயபரைக் கையில் எடுத்து, அது முழுவதும் ஊறிக் கனத்திருக்கிறதா, பாதி உலர்ந்தே இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இந்த இரண்டு விவரங்களும் தெரியாமல் பெரிய அளவு வாங்குவதும், விலை கூடிய பாக்கெட்டுக்குத் தாவுவதும் பெரும்பாலும் வீண் செலவில்தான் முடியும்.

நாங்கள் இருப்பது வடசென்னை ராயபுரத்தில், இரண்டாவது மாடியில் ஓர் ஒற்றை அறை வீடு. என் மகன் ஒன்றே கால் வயதைத் தாண்டியதிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதங்கள், வாரத்தில் நான்கைந்து நாள் படுக்கை நனைந்தது. விடியற்காலையில் கீழே அடிபம்பில் தண்ணீர் பிடித்து, குடம் குடமாக மாடிக்கு ஏற்றும் வீட்டில், ஒரு போர்வையும் இரண்டு விரிப்பும் கூடுதலாகத் துவைப்பது என்றால் என்ன என்பது இந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அந்த நான்கு மாதங்களில் நான் மூன்று நிறுவனங்களின் டயபர்களை மாற்றிப் பார்த்தேன். தவறு எதிலும் இல்லை, என் கையில்தான் இருந்தது. ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு முதன்முறையாக இரவு டயபர் போடத் தொடங்குகிறவர்கள் அந்தச் சுற்றுவழியில் போகாமலிருக்க, நான் கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: மூன்று காலை, ஒரு தராசு

எதையும் மாற்றாமல், வழக்கம்போல் மூன்று இரவுகள் டயபர் போடுங்கள். ஒவ்வொரு காலையும் ஈரம் நின்ற இடத்தையும், குழந்தை எந்தப் பக்கமாகப் படுத்திருந்தது என்பதையும் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வையுங்கள். சமையலறையில் சிறிய எலக்ட்ரானிக் தராசு இருந்தால், போடுவதற்கு முன் ஒரு முறையும், கழற்றிய பிறகு பிளாஸ்டிக் பையில் சுற்றி மறுமுறையும் டயபரை நிறுத்துப் பாருங்கள். ஒரு கிராம் எடை கூடினால் ஏறக்குறைய ஒரு மி.லி. சிறுநீர் என்று கொள்ளலாம். மலம் கழித்திருந்தால் அன்றைய கணக்கை விட்டுவிடுங்கள்.

இந்தக் குறிப்புகளைப் படிப்பது கடினமன்று. டயபர் முழுவதும் ஊறி, ஜெல்லிபோல் தொங்கி, அதன் பிறகு கசிந்திருந்தால் அது கொள்ளளவுக் குறை. டயபரின் பாதி உலர்ந்திருக்க, தொடை ஓரமாகக் கசிந்திருந்தால் அது அளவுக் குறை அல்லது போட்ட விதத்தின் குறை. ஆண் குழந்தையின் வயிற்றுப் பக்கம் மட்டும் நனைந்திருந்தால், உறுப்பு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கும்படி டயபரைப் போட்டிருப்பீர்கள்; குப்புறப் படுக்கும் குழந்தைகளிடம் இது மேலும் அதிகம். பின்பக்கம் நனைந்திருந்தால், மல்லாந்து படுத்தபோது சிறுநீர் பின்னோக்கி ஓடியிருக்கும், அல்லது குழந்தை தூளியில் தூங்கியிருக்கும். எங்கள் வீட்டில் மூன்று நாளும் கசிவு வலது இடுப்பின் ஓரத்தில்தான் இருந்தது, டயபரோ பாதிகூட ஊறவில்லை. அதன் காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

எவ்வளவு சிறுநீர், எவ்வளவு வேகம்

நல்ல உடல்நிலையில் இருக்கும் சிறு குழந்தைக்கு, ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 1 முதல் 2 மி.லி. வரை சிறுநீர் சுரக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 12 கிலோ எடையுள்ள குழந்தை 10 மணி நேரம் தூங்கினால் 120 முதல் 240 மி.லி. வரை வரும். இரண்டு வயதைத் தொட்ட குழந்தையின் சிறுநீர்ப்பை சுமார் 120 மி.லி. பிடிக்கும். அதாவது, அந்த 240 மி.லி.யும் இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாக வருவதில்லை. இரண்டு மூன்று முறை, ஒரே இடத்தில், சில நொடிகளுக்குள் பாய்ந்து வருகிறது. கைக்குழந்தை அடிக்கடி சிறிது சிறிதாகப் போகும். நடக்கத் தொடங்கிய குழந்தை சேர்த்து வைத்து ஒரேயடியாகப் போகும். ஆறு மாதத்தில் கசியாத டயபர் ஒன்றரை வயதில் கசியத் தொடங்குவதற்கு இதுவே முதற்காரணம்.

டயபருக்குள் சிறுநீரைப் பிடித்து வைப்பது மரக்கூழ்ப் பஞ்சும், சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் உறிஞ்சும் துகள்களும். அந்தத் துகள்கள் வெறும் தண்ணீரில் தம் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். உப்புக் கலந்த சிறுநீரில் அது சில பத்து மடங்காகக் குறைந்துவிடும். ஆகவே வீட்டில் டயபரைச் சோதிக்க விரும்புகிறவர்கள் வெறும் தண்ணீரை ஊற்றிப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி அளவு தூள் உப்பைக் கரைத்து, அதில் 100 மி.லி. எடுத்து, விரித்த டயபரின் ஒரே இடத்தில் வேகமாக ஊற்றி, எவ்வளவு நேரத்தில் உள்ளே இறங்குகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் கழித்து மீண்டும் 100 மி.லி. ஊற்றுங்கள். இரண்டாவது முறை ஊற்றியது மேலேயே தேங்கி ஓரத்துக்கு ஓடுகிற டயபர், பாக்கெட்டில் 12 மணி நேரம் என்று அச்சிட்டிருந்தாலும், இரவுக்கு ஆகாது. அது பகலுக்குப் போதும். கையிலிருப்பதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

அளவு: பாக்கெட்டின் எண்ணும் குழந்தையின் தொடையும்

இங்கே கடைகளில் கிடைக்கும் பேன்ட் மாடல் டயபர்களில், எம் அளவு பெரும்பாலும் 7 முதல் 12 கிலோ வரைக்கும், எல் அளவு 9 முதல் 14 கிலோ வரைக்கும், எக்ஸ்எல் அளவு 12 முதல் 17 கிலோ வரைக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். 11 கிலோ குழந்தைக்கு எம் அளவும் பொருந்தும், எல் அளவும் பொருந்தும். பகலில் எம் போட்டுக்கொண்டிருக்கும் அந்தக் குழந்தைக்கு இரவில் மட்டும் எல் போடுவது நல்ல வழிதான். பெரிய அளவில் உறிஞ்சும் பகுதி நீளமாகவும், துகள்கள் கூடுதலாகவும் இருக்கும். ஆனால் தொடையைச் சுற்றியுள்ள எலாஸ்டிக்குக்கும் தோலுக்கும் இடையில் விரல் தாராளமாகப் புகுந்து போகும் அளவுக்கு இடைவெளி இருந்தால், கொள்ளளவு கூடியதால் கிடைத்த பயன் அந்த இடைவெளி வழியாகவே போய்விடும். ஒல்லியான தொடை உள்ள குழந்தைகளுக்கு ஸ்டிக்கர் மாடலே இரவுக்கு ஏற்றது. இடுப்பையும் தொடையையும் தனித்தனியாக இறுக்கிக்கொள்ளலாம். கால் உதைத்துப் புரளும் குழந்தைக்கு அதைப் போடுவது சற்றுப் பாடுதான், அதை மறுக்கவில்லை.

சின்னதாகிப்போன டயபரும் கசியும். காலையில் தொடையிலும் இடுப்பிலும் சிவந்த தடம் பதிந்திருந்தாலோ, பின்பக்கம் முழுவதையும் மூடாமல் பாதியில் நின்றாலோ, அடுத்த அளவுக்கு மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இந்த இடத்தில் வடசென்னைக் கடைகளால் நமக்கு ஒரு நன்மை உண்டு. தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி என்று எந்தத் தெருவுக்குள் போனாலும், மெடிக்கல் கடையிலும் மளிகைக் கடையிலும் டயபரை ஒற்றையாகவே பிரித்து விற்பார்கள். எந்த நிறுவனத்துடையதானாலும் பலர் அதை "ஹக்கீஸ்" என்றோ "பேம்பர்ஸ்" என்றோதான் கேட்பார்கள். ஆகவே நிறுவனப் பெயரையும் அளவையும் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். ஒற்றையாக வாங்கினால் விலை சற்றுக் கூடத்தான் செய்யும், என்றாலும் புதிய அளவையோ புதிய நிறுவனத்தையோ சோதிக்க இரண்டு மூன்று ஒற்றைகளே போதும். அறுபது எழுபது உள்ள பெரிய பாக்கெட்டை வாங்கிவிட்டு, பொருந்தவில்லை என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தவள் நான். ஒற்றையாக வாங்கும்போது அது மூடிய உறையில் இருந்ததா என்று மட்டும் பாருங்கள். திறந்து தொங்கவிட்ட டயபர் கடற்காற்றின் ஈரத்தையும் தூசியையும் வாங்கியிருக்கும். வீட்டிலும் பிரித்த பாக்கெட்டை மூடியுள்ள டப்பாவில் வைப்பது நல்லது.

போடும் விதம், அரைஞாண் கயிறு

டயபரைப் போடுவதற்கு முன் நீளவாக்கில் மெல்ல இழுத்து விரித்து, உள்ளே இரண்டு ஓரங்களிலும் எழுந்து நிற்கும் மெல்லிய மடிப்புகளைக் கையால் தூக்கி விடுங்கள். தொடை ஓரத்தில் சிறுநீரைத் தடுக்கும் கரை அதுதான். பாக்கெட்டில் அடுக்கியிருந்தபோது அது படுத்துக் கிடக்கும். அப்படியே போட்டால் கரை இல்லாத குளம்போல் நீர் வெளியே ஓடும். போட்ட பிறகு, தொடை இடுக்கில் ஒரு விரலை விட்டு முன்னிருந்து பின்னாகச் சுற்றி ஓட்டி, உள்ளே மடங்கிப்போன வெளி ஓரத்தை வெளியே எடுத்து விடுங்கள். உள்மடிப்பு தொடை இடுக்கில் தோலோடு ஒட்டி நிற்க வேண்டும், வெளி ஓரம் வெளிப்பக்கம் விரிந்திருக்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் பத்து நொடி. எனக்குத் தெரிந்த வீடுகளில் தொடைக் கசிவில் பெரும்பங்கு இந்தப் பத்து நொடியால் நின்றிருக்கிறது.

ஆண் குழந்தைக்கு, டயபரை மேலே இழுப்பதற்கு முன் உறுப்பைக் கீழ்நோக்கி வைத்துவிட வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே உயரத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். குழந்தையை உட்காரவைத்துப் பாருங்கள்; நிற்கும்போது சரியாகத் தெரியும் இடுப்புப் பட்டை உட்காரும்போது பின்னால் இடைவெளி விடுவதுண்டு. பனியனின் நுனி டயபருக்குள் செருகிக்கொண்டிருக்கிறதா என்பதையும் ஒரு முறை தடவிப் பாருங்கள். உள்ளே மாட்டிய துணி விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் சிறுநீரை மேலே இழுத்து, காலையில் நெஞ்சுவரை நனைத்துவிடும்.

இனி எங்கள் வீட்டு வலது இடுப்புக் கதை. நான்கு மாதம் நான் காணாததை, ஊரிலிருந்து வந்திறங்கிய அன்றிரவே என் மாமியாரின் அம்மா கண்டுபிடித்தார். நான் டயபர் போட்டு முடித்ததும், "இன்னாம்மா இது, அரணாக்கயிறு உள்ளே மாட்டிக்கினு கீது பாரு" என்றார் அந்த ஆயா. கறுப்புக் கயிறும், அதில் கோத்த வெள்ளிக் காசும் இடுப்புப் பட்டைக்கு அடியில், வலது பக்கமாக முடிச்சோடு சிக்கியிருந்தன. அந்த முடிச்சு பட்டையைத் தோலிலிருந்து தூக்கிப் பிடித்து இடைவெளி விட்டது. பருத்திக் கயிறு சிறுநீரை உறிஞ்சி அந்த இடைவெளி வழியே வெளியே கடத்தியது. டயபர் பாக்கெட்டின் விளக்கப் படங்களில் இருக்கும் குழந்தைகளுக்கு அரைஞாண் கிடையாது. ஆகவே இதை எந்தப் பாக்கெட்டும் நமக்குச் சொல்லப்போவதில்லை. கயிற்றை இடுப்புப் பட்டைக்கு மேலே ஏற்றி, முடிச்சும் தாயத்தும் வயிற்றுப் பக்கம் வருமாறு விட்டுவிடுங்கள். குப்புறப் படுக்கும் குழந்தைக்குத் தாயத்து குத்தும் என்றால், இரவில் மட்டுமாவது தாயத்தைக் கழற்றி வைத்து வெறும் கயிற்றை விடலாம். கயிறு மிகத் தளர்ந்திருந்தால் மீண்டும் கீழே இறங்கி மாட்டிக்கொள்ளும். மிக இறுக்கமாக இருந்தால் வயிறு நிறைந்த பிறகு தோலை அழுத்தும். வளரும் குழந்தைக்கு அதை அவ்வப்போது மாற்றிக் கட்டுவது எப்படியும் தேவை.

எண்ணெய், பவுடர், களிம்பு

மாலையில் குழந்தையைக் குளிப்பாட்டி, தேங்காய் எண்ணெய் தடவி, பவுடர் போட்டு, அதன்மேல் டயபர் போடுவது நம் வீடுகளில் வழக்கம். எண்ணெய் டயபரின் மேல்விரிப்பில் படிந்தால், சிறுநீர் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், ஸ்டிக்கரும் ஒட்டாது. கை கால்களுக்கு எண்ணெய் தடவுவதில் தடையில்லை, டயபர் மூடும் இடத்தை விட்டுவிடுங்கள். பவுடர் தேவையே இல்லை. அது தொடை மடிப்பில் கட்டியாகிறது, தூசியாகப் பறந்து குழந்தையின் மூச்சிலும் போகிறது. தோல் சிவந்திருந்தால் துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பைச் சிவந்த இடத்தில் மட்டும் தடவி, அது படிய இரண்டு நிமிடம் விட்டு டயபர் போடுங்கள். டயபரின் உட்பக்கம் எங்கும் அப்பிக்கொள்ளும்படி பூசினால் அதுவும் எண்ணெய் செய்யும் வேலையையே செய்யும்.

சித்திரை, வைகாசியின் புழுக்கத்தில் இன்னொன்றும் உண்டு. வியர்வையில் நனைந்த இடுப்பில் டயபர் போட்டால் பட்டை வழுக்கிக் கீழே இறங்கும். தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறியின் கீழ் பத்து நிமிடம் வெறும் உடம்பாக விளையாட விட்டுப் பிறகு போடுங்கள்.

தூளியில் தூங்கும் குழந்தை

பழைய சேலையில் கட்டிய தூளியில், ஒன்றரை வயதுக் குழந்தையும் சில வீடுகளில் இரண்டு வயதுக் குழந்தையும் தூங்குவதைப் பார்க்கிறோம். டயபர் செய்கிறவர்கள் சமமான படுக்கையை மனத்தில் வைத்துத்தான் அதைச் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தூளியில் உடல் வில்போல் வளைகிறது. முழங்கால் மேலே ஏறுகிறது. எல்லா எடையும் இடுப்பின் பின்பக்கத்தில், மிகத் தாழ்ந்த புள்ளியில் வந்து இறங்குகிறது. சிறுநீர் அங்கேதான் தேங்கும்; சேலை இரண்டு பக்கமும் இறுக்கி அழுத்துவதால், உறிஞ்சப்பட்டதும் பிழிந்ததுபோல் தொடை ஓரத்தில் வெளியேறும். தூளிக் குழந்தைக்குப் பின்பக்கக் கசிவு தொடர்ந்தால், டயபரைக் குறை சொல்வதற்கு முன் ஓர் இரவு பாயில் படுக்கவைத்துப் பாருங்கள். தூளியில் தூங்கப் பழகிய குழந்தையை, ஆழ்ந்து தூங்கிய பிறகு மெல்லத் தூக்கிப் பாயில் கிடத்திவிடலாம். எழுந்து உட்காரத் தெரிந்த குழந்தை தூளியிலிருந்து விழும் ஆபத்தும் இருப்பதால், அந்த மாற்றம் இருவகையிலும் நல்லது.

மாலை உணவும் பால் புட்டியும்

இரவு கசிகிறது என்று பகலில் தண்ணீரைக் குறைப்பது தவறு, கத்திரி வெயிலில் அது ஆபத்தும்கூட. குறைக்க வேண்டியது அளவையன்று. நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். காலையிலிருந்து மாலை வரை தாராளமாகத் தண்ணீர், மோர், பழச்சாறு கொடுத்துவிட்டு, தூங்குவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன் இரவு உணவை முடித்துவிடுங்கள். தர்பூசணி, நுங்கு, இளநீர் ஆகியவற்றை நான்கு மணிக்குள் கொடுங்கள். எட்டு மணிக்குக் கொடுத்த தர்பூசணி நள்ளிரவில் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். தாகம் என்று குழந்தை கேட்டால் எந்த நேரத்திலும் கொடுக்கத்தான் வேண்டும்.

தூக்கத்திலேயே புட்டிப் பால் குடிக்கும் குழந்தையின் நிலை வேறு. 200 மி.லி. பாலைக் குடித்துவிட்டுத் தூங்கும் குழந்தைக்கு எந்த டயபரும் போராடத்தான் வேண்டியிருக்கும். பாலும் சர்க்கரையும் பல்லில் தங்கி இரவெல்லாம் ஊறுவதால் பற்சொத்தையும் வரும். பாலைத் தூங்குவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் தம்ளரில் கொடுத்து, வாயைத் துடைத்து, கழிவறையில் ஒரு முறை உட்காரவைத்து, அதன் பிறகு புதிய டயபரைப் போடுங்கள். ஒரே நாளில் புட்டியை நிறுத்த முடியாது. மூன்று நாளைக்கு ஒரு முறை 30 மி.லி. குறைத்துக்கொண்டே வந்தால் இரண்டு மூன்று வாரங்களில் நின்றுவிடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கணக்கைப் போட வேண்டாம்.

பதினொரு மணி மாற்றம்

எட்டு மணிக்குப் போட்ட டயபரைப் பெற்றோர் படுக்கப்போகும் பதினொரு மணிக்கு மாற்றினால், இரவின் சுமை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும் குழந்தை பெரும்பாலும் விழிக்காது. பெரிய விளக்கைப் போடாமல், பேசாமல், ஸ்டிக்கர் மாடலாக இருந்தால் ஒரே தூக்கில் மாற்றிவிடலாம். பேன்ட் மாடலின் பக்கத் தையலைக் கிழித்துக் கழற்றுவதே எளிது. தராசுக் கணக்கில் காலை எடை 200 கிராமுக்கு மேல் கூடும் குழந்தைகளுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒவ்வோர் இரவும் ஒரு டயபர் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மைதான். எட்டு மணிக்குப் பகல் டயபரைப் போட்டு, பதினொரு மணிக்கு மட்டும் இரவு டயபரைப் போட்டால் அந்தச் செலவு ஓரளவு குறையும்.

டயபருக்குள் சானிட்டரி நாப்கினை வைத்தால் கசியாது என்று பல வீடுகளில் சொல்வார்கள். நாப்கினின் அடியில் பிளாஸ்டிக் விரிப்பு இருக்கிறது. அது நிறைந்த பிறகு மிச்சம் கீழே உள்ள டயபருக்கு இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் ஓடும். ஆகவே பயன் இல்லை, சில சமயம் கசிவு முன்பைவிடக் கூடும். அடிப்பக்கம் பிளாஸ்டிக் இல்லாத, சிறுநீரை மேலிருந்து கீழே விடக்கூடிய தனிப் பட்டைகள் இரவு டயபருக்கென்றே ஆன்லைனில் கிடைக்கின்றன. அவற்றை ஆண் குழந்தைக்கு முன்பக்கமாகவும், பெண் குழந்தைக்கு நடுவிலிருந்து பின்பக்கமாகவும் வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டயபர் போடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அந்தக் குழந்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

துணி டயபர் போடுகிறவர்களுக்கு

துவைத்துப் பயன்படுத்தும் துணி டயபர் இரவில் கசிந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது எந்தத் தண்ணீரில் துவைக்கப்படுகிறது என்பது. கடலை ஒட்டிய நம் பகுதிகளில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும் உடையது. அதில் சோப்பு சரியாக அலசப்படாமல் துணியில் படிந்து, நாளடைவில் துணி தண்ணீரை ஏற்காமல் போகும். ஒரு துளி நீரை, டயபருக்குள் வைக்கும் உலர்ந்த உறிஞ்சும் பட்டையின்மேல் விட்டுப் பாருங்கள். உடனே இறங்காமல் உருண்டு நின்றால் படிவு சேர்ந்துவிட்டது என்று பொருள். சோப்பே போடாமல், மெட்ரோ தண்ணீரை, அதாவது குடிநீர் வாரியத் தண்ணீரைச் சுடவைத்து, நுரை வருவது நிற்கும் வரை மூன்று நான்கு முறை அலசி வெயிலில் காயவையுங்கள். சூடு உறிஞ்சும் பட்டைக்கு மட்டுமே. நீர் புகாத வெளி உறையைச் சுடுநீரில் போட்டால் கெட்டுவிடும். துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்கவே கூடாது. புதிய துணி டயபர் நான்கைந்து முறை துவைத்த பிறகுதான் முழு அளவு உறிஞ்சும். இரவுக்கு ஒரு பட்டை போதாது, இரண்டு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தடித்த பட்டைகள் இரண்டு நாளானாலும் காயா. அந்த இரண்டு மாதங்கள் இரவுக்கு மட்டும் கடை டயபருக்கு மாறுவதில் குற்றவுணர்வு தேவையில்லை.

படுக்கையைக் காப்பது

எல்லாம் சரியாகச் செய்தும் என்றோ ஓர் இரவு நனையத்தான் செய்யும். மெத்தையின்மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் உறிஞ்சும் டிரை ஷீட், அதன்மேல் பருத்தி விரிப்பு. மீண்டும் அதே வரிசையில் இன்னொரு அடுக்கு என்று இரட்டையாக விரித்துவிட்டால், நடு இரவில் மேல் அடுக்கை மட்டும் உருவி எடுத்துவிட்டுத் தூங்கலாம். டிரை ஷீட்டை அகலமாக, குழந்தை உருளும் தூரத்துக்கு வாங்குங்கள். இலவம் பஞ்சு மெத்தை ஒரு முறை ஊறிவிட்டால் மொட்டை மாடியில் மூன்று நாள் வெயில் தேவைப்படும்.

கழற்றிய டயபரில் மலம் இருந்தால் அதைக் கழிவறையில் தட்டிவிட்டு, டயபரை உருட்டி, ஸ்டிக்கரால் ஒட்டி, செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். பயன்படுத்திய டயபரைச் சுற்றித்தான் ஒப்படைக்க வேண்டும் என்பது திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. நம் வீட்டுக் குப்பை போய்ச் சேரும் கொடுங்கையூர்க் கிடங்கில் வெறும் கையால் அதைத் தொடுகிறவர்கள் இருக்கிறார்கள். கழிவறையில் போட்டால் அது ஊதிப் பெருத்துக் குழாயை அடைத்து, அடுக்குமாடியின் கீழ்வீட்டுக்காரரிடம் வேறு ஒரு வழக்கைக் கொண்டுவரும்.

மருத்துவரிடம் எப்போது

இந்த வயதில் இரவில் சிறுநீர் கழிப்பது நோயன்று, கெட்ட பழக்கமும் அன்று. ஐந்து வயது வரை அது இயல்பானதே. அதற்காகக் குழந்தையைத் திட்டுவதிலோ அடிப்பதிலோ ஒரு பயனும் இல்லை. ஆனால் திடீரென்று குழந்தை அளவுக்கு மீறித் தண்ணீர் கேட்டு, டயபரும் வழக்கத்தைவிடப் பல மடங்கு நனைந்து, எடையும் குறைந்தால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறு குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோயின் அடையாளம் அது. சிறுநீர் கழிக்கும்போது அழுதாலோ, காரணம் தெரியாத காய்ச்சல் இருந்தாலோ, எட்டு மணி நேரத்துக்கு மேல் டயபர் நனையாமலே இருந்தாலோ, தோலின் சிவப்பு மூன்று நாளில் குறையாமல் சுற்றிலும் சிறு புள்ளிகளாகப் பரவினாலோ தாமதிக்க வேண்டாம். பழைய சிறைச்சாலைச் சாலையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும், எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனையும் நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. நேரில் போகலாமா என்ற ஐயம் இருந்தால் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.

தராசை மட்டும் எடுத்து வைத்துவிட வேண்டாம். இரண்டரை வயதை ஒட்டி, காலை எடை 150, 100 என்று குறைந்துகொண்டே வந்து, ஏழெட்டு நாள் தொடர்ந்து டயபர் ஏறக்குறைய போட்டபடியே இருந்தால், பகலில் வழக்கம்போல் சிறுநீர் கழிக்கும் குழந்தை இரவில் அடக்கிக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. அப்போது இரட்டை விரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை இரவு டயபர் இல்லாமல் படுக்கவைத்துப் பாருங்கள். நனைந்தால் ஒரு மாதம் கழித்து மீண்டும் முயலலாம்.